கவாத்துக்கு முன் ஒரு நடை

நெபுலைசரின் குப்பியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு நக்கிப் பார்த்தவன் நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது போடலாம் என்றால், அந்த அறையில் அப்போது என்னையும் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தையும் தவிர யாரும் இல்லை.

நாக்கில் பட்டது உப்பு.

ஆனைமலையன்பட்டியில் திராட்சை போட்டிருக்கிற யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். புதிதாக போர் போட்டாலும் சரி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து பாய்ச்சினாலும் சரி, முதலில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்போம். உப்புக் கண்டால் கொடிக்கு விடமாட்டோம். இலை ஓரமெல்லாம் கருகிவிடும். முப்பது வருஷம் தண்ணீர் பார்த்துப் பழகிய நாக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் அடங்கிக் கிடக்குமா?

“உப்பு! எனக்கு வெறும் உப்புத் தண்ணியத்தான் ஊத்தி வச்சிருக்காக!” என்று கத்தினேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெஸ்லின் ஓடி வந்தாள். ராயப்பன்பட்டிப் பிள்ளை, அவள் அப்பாவும் திராட்சைக்காரர்தான். இந்த மூச்சு டெஸ்ட், நடை டெஸ்ட் எல்லாம் அவள் பொறுப்பு.

“அங்கிள்! அதை ஏன் தொறந்தீங்க?”

அவள் போட்ட சத்தத்தில் நான் துள்ளினேன். குப்பி கைநழுவி மிஷின் மேல் கவிழ்ந்தது. மிஷின் என்னைப் போலவே ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. என்னையாவது தட்டி உட்கார வைத்து மறுபடி கிளப்பிவிடுவார்கள். அது கிளம்பவில்லை.

வெளியே வராண்டாவில் எனக்கு அடுத்ததாக டெஸ்டுக்குக் காத்திருந்த போடிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டதும், ஏலக்காய் மூட்டையில் கல்லைக் கண்டவர் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். நியாயமான பார்வைதான். மிஷினைச் சரிசெய்ய மதுரையிலிருந்து ஆள் வரவேண்டுமாம். அடுத்த வாரம்தான் டெஸ்ட். எனக்கு மட்டுமில்லை, அவருக்கும்.

எனக்கு என்ன வியாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆறடி ஆள். உள்ளே மோட்டார் போய்விட்டது. நூறு பங்கு இறைக்க வேண்டிய இதயம் இருபதுக்குத்தான் இறைக்கிறதாம். அது பத்தாதென்று, நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் வேறு இறுகிப் போயிருக்கின்றன. செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு வாங்கும். துண்டை உதறித் தோளில் போட்டால் மூச்சு வாங்கும். ஜோக் சொன்னால் மட்டும் எனக்கு வாங்காது, கேட்கிறவர்களுக்குத்தான் வாங்கும்.

தேனிக்குப் பக்கத்தில் பழனிசெட்டிபட்டியில் இருக்கிற இந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் வேல்விழி ஒரு ஆராய்ச்சி செய்கிறார். தேவாரத்துப் பெண். என் மகள் வயசு இருக்கும். குழாயை நெகிழ வைக்கிற ஒரு மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைத்து, அதன்பிறகு ஆறு நிமிஷம் வராண்டாவில் நடக்க விட்டு, நடை கூடுகிறதா என்று அளந்து பார்ப்பது. ஒரு தடவை மருந்து, ஒரு தடவை வெறும் சலைன் தண்ணீர். எது எந்தத் தடவை என்று எனக்குத் தெரியக் கூடாது, ஜெஸ்லினுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அடைத்து அனுப்புகிற சென்னைக்காரர்களுக்குத்தான் தெரியும். எல்லோருக்கும் டெஸ்ட் முடிந்த பிறகுதான் கண்கட்டை அவிழ்ப்பார்களாம்.

போன மாதம் முதல் தடவை இழுத்துவிட்டு நடந்தபோது, பாதி நேரம்கூட ஆகவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சரி, அன்றைக்கு உப்புத் தண்ணீர்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்படியென்றால் இரண்டாவது மருந்தாகத்தானே இருக்க வேண்டும்? அதை உறுதி செய்துகொள்ளத்தான் விரலை விட்டேன். அதுவும் உப்பு. இரண்டும் உப்பு என்றால் என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

டாக்டர் வந்தார். நனைந்த மிஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஈஸ்வரபாண்டி சார், மருந்தும் உப்பாத்தான் இருக்கும். ருசி வச்சு யாரும் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு ரெண்டையும் ஒரே மாதிரி பண்ணி அனுப்புறாங்க.”

“அப்பிடியா டாக்டரம்மா?”

“அப்பிடித்தான்.”

“வீட்டுல ரசத்துல உப்பு போடாதன்னு சொல்லிட்டு, இங்கன மூக்கு வழியா ஏத்துறீகளே, இது எந்த ஊரு நாயம்?”

ஜெஸ்லின் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களை இதுல வச்சிருக்க முடியாது. நிஜமாத்தான் சொல்றேன்.”

“சரிம்மா. சும்மா கேக்குறேன், நம்ம வண்டி இன்னும் எத்தன கிலோமீட்டர் ஓடும்?”

“ரெகுலரா சர்வீஸ் விடுங்க, ஓடும்,” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான் பதில்.

நான் சும்மா கேட்கவில்லை. திராட்சைக்கொடியின் பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டினால் பழம் கைக்கு வர நாலு மாசம் ஆகும். ராக்கப்பன் என்று ஒருவர் ஆள்களைக் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக முறை வைத்துக் கவாத்து வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்து முறை வந்துவிட்டது. வெட்டவா வேண்டாமா என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்த முறைக்குள் மழை பிடித்துக்கொள்ளும், பூ கொட்டிப்போகும். வெட்டவில்லை என்றால் கொடி மட்டும் போகாது, பந்தலும் போகும். அதற்குத்தான் என் மைத்துனன் லிங்கேஸ்வரன் உத்தமபாளையத்தில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே தோட்டத்துக்கு வந்துவிட்டான்.

“மாமா, உப்புத் தண்ணிய ஏத்தி விட்டாகளாமே?”

“ஏத்தல மாப்ள, நானே நக்கினேன்.”

“ஒடம்பு முக்கியம் மாமா. பந்தலப் பிரிச்சுட்டு தென்னைய வச்சுருவோம். தென்னைக்குக் குனிய வேண்டாம், நிமிர வேண்டாம். நீங்க பாட்டுக்கு உக்காந்து டிவி பாக்கலாம்.”

“தென்னை காய்க்கிறதுக்குள்ள நான் காய்ஞ்சிருவேனே.”

“ஆரம்பிச்சுட்டாக,” என்று தலையில் அடித்துக்கொண்டு அக்காளைப் பார்த்தான். “நீயாச்சும் சொல்லுக்கா.”

என் மனைவி ராமுத்தாய் ஒரு கொடியின் நுனியைக் கம்பியில் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். குள்ளம். கல்தூணுக்கு மேல் கம்பி கட்டிய அந்தப் பந்தலுக்கு அடியில் நிமிர்ந்தே நடப்பாள். எனக்குத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கே கும்பிடு போட்ட நடை.

“என்ன ராமு, வெட்டலாமா?” என்றேன். “நான் நடுவுல டிக்கெட் வாங்கிட்டேன்னா என் சட்டையெல்லாம் ஒன் தம்பிக்குக் குடுத்துரு. தொளதொளன்னு இருக்கும், அவனுக்குக் காத்தோட்டமா போகும்.”

“பாப்போம்,” என்றாள்.

அவளுடைய பதில் எல்லாவற்றுக்கும் இப்போதெல்லாம் இதுதான். மருந்து வேலை செய்யுமா? பாப்போம். மாப்ள சொல்றது சரியா? பாப்போம். ராத்திரி என்ன சோறு? அதற்கும் பாப்போம், ஆனால் அதற்கு மட்டும் கடைசியில் உப்பில்லாத கஞ்சி என்று விடை வந்துவிடும்.

மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். மருந்தோ உப்போ, அவர்கள் எதையாவது ஊற்றட்டும். அடுத்த தடவை நான் சுவரைத் தொடக் கூடாது. டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், பேச முடிகிற அளவு மூச்சு இருக்கும்வரை நடக்கலாம், முடியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று. பேச்சுக்கு என்னிடம் குறைச்சலா?

பந்தலுக்கு அடியில் நடக்க ஆரம்பித்தேன். ராமுத்தாய் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான் நின்றால் ஸ்டூல் எனக்குப் பின்னால் வந்து நிற்கும். வாத்தியாருக்கு நாற்காலி போடுகிற மாதிரி ஒரு மரியாதை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் வரப்பிலிருந்து கத்தினார்: “என்ன பாண்டி, சாமி ஊர்வலமா?”

“ஆமாண்ணே, பொங்கல் மட்டும் உப்பில்லாம வைக்கச் சொல்லுங்க!”

கத்தியதில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ராமுத்தாய் கிட்டே வந்தாள். முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.  நான் மேலே பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டாத கொடி கன்னாபின்னாவென்று ஓடிக் கிடந்தது, சலூனுக்குப் போகாத தலை மாதிரி.

முதல் நாள் ஒரு வரிசையைத் தாண்ட மூன்று தடவை உட்கார்ந்தேன். அப்புறம் இரண்டு. ஒரு நாள் காற்று பலமாக அடித்தது, கால் வீங்கியிருந்தது, அன்றைக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவள்தான் என்னைத் தூக்கி நிறுத்தினாள். மாத்திரையைக் கூட்டிப் போடச் சொல்லி டாக்டர் போனில் சொன்னார், வீக்கம் வடிந்தது, மறுபடி நடந்தேன். வீம்பு என்று சொல்லலாம். எங்கள் குடும்பத்தில் சொத்தைவிட அதுதான் அதிகம்.

மிஷின் சரியாகிவிட்டது என்று ஜெஸ்லின் கூப்பிட்ட அன்றைக்கே ராக்கப்பனும் கூப்பிட்டார்.

“அண்ணே, பக்கத்துத் தோட்டம் வரைக்கும் வந்துட்டோம். வெட்டவா, தாண்டிப் போகவா? இன்னிக்குப் பொழுதுக்குள்ள சொல்லிருங்க. பயலுகள வச்சுக்கிட்டு நா சும்மா நிக்க முடியாது.”

“தேனிக்குப் போயிட்டு வந்து சொல்லிர்றேன்யா.”

பஸ்ஸில் சின்னமனூர் தாண்டும்வரை நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ராமுத்தாய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை குப்பியை என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருந்தார்கள். ஜெஸ்லின் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தாள். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கை மாட்டினாள். புகை குளிர்ச்சியாக உள்ளே இறங்கியது. தோட்டத்தில் மருந்தடிக்கும்போது உள்ளே போய்விடக் கூடாது என்று மூக்கைக் கட்டிக்கொள்வோம்; இங்கே போகட்டும் என்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாஸ்க்குக்குள் பேச முடியாது. அந்த அறைக்கே அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு விரலில் கிளிப்பை மாட்டி என்னை வராண்டாவில் நிறுத்தினாள். இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறத்தில் கூம்பு. ஒன்றைச் சுற்றி மற்றொன்றுக்கு, அதைச் சுற்றி மறுபடி இதற்கு. செக்கு மாட்டுக்காவது பின்னால் எண்ணெய் வரும்.

“நடங்க அங்கிள்.”

நடந்தேன். முதல் திருப்பம் வந்தது, போனது. வராண்டா பெஞ்சில் போடிக்காரர் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அவருக்கும் முறை. அவரைக் கடக்கும்போது ஒரு கும்பிடு போட்டேன். அவர் கும்பிடவில்லை.

“நல்லா நடக்கிறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு,” என்றாள் ஜெஸ்லின்.

“உங்கப்பா தோட்டத்துல இந்தத் தடவ காய்ப்பு எப்பிடி பாப்பா?”

பதில் இல்லை. அடுத்த நிமிஷம் அதே குரலில், “நல்லா நடக்கிறீங்க. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு,” என்றாள். எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டுமாம். கூடக் குறையச் சொன்னால், அந்தத் தைரியத்திலேயே ஒருத்தன் கூடுதலாக நடந்துவிடுவான் என்று சட்டம். பாவம், எனக்குப் பதில் சொல்ல முடியாமல் அவள் காதுமடல் சிவந்துவிட்டது.

அப்புறம் பேச்சு எனக்கே வரவில்லை. போன தடவை நான் பிடித்து நின்ற இடம் மறுபடி எதிரே வந்தது. சுவரில் அங்கே ஒரு சுவிட்சு போர்டு இருக்கிறது, அதை வைத்து அடையாளம் தெரியும். கை தானாகவே அந்தப் பக்கம் போனது. இழுத்து வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு அடித்தது, ஆனால் அடைக்கவில்லை. காற்று உள்ளே போக வழி இருந்தது. அடைத்துக் கிடந்த வாய்க்காலில் யாரோ மண்வெட்டியால் ஒரு போடு போட்டுத் திறந்துவிட்ட மாதிரி. வேகமாக ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற கிழவர்கள்கூட என்னை முந்திவிடுவார்கள். ஆனால் நிற்கவில்லை. கூம்பைச் சுற்றினேன். சுவிட்சு போர்டைத் தாண்டினேன். மறுபடியும் தாண்டினேன்.

“நில்லுங்க அங்கிள்! அங்கனயே நில்லுங்க!”

நின்றேன். போடிக்காரர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காரும்யா. மிஷின ஒடச்ச ஆளு நடந்துட்டீரே,” என்றார். ராமுத்தாய் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பஸ் பிரேக் போட்டது மாதிரி.

டாக்டர் அறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “போன தடவையைவிட நல்லாவே கூடியிருக்கு,” என்றார்.

“அப்ப இன்னிக்கு மருந்துதான்.”

“தெரியாது சார்.”

“உப்புன்னு சொல்லிராதீக.”

“அதுவும் தெரியாது. நிஜமாவே தெரியாது. மருந்தா இருக்கலாம். இல்ல, இந்த ஒரு வாரம் தோட்டத்துல நடந்து பழகினதா இருக்கலாம். இல்ல, உங்க வீம்பா இருக்கலாம்.”

“வீம்ப பாட்டில்ல அடைச்சு வித்தா நான் பெரிய ஆளாயிருவேன் டாக்டரம்மா. சரி, வண்டி…”

“சார்.” டாக்டர் திரையைத் தள்ளி வைத்தார். “நீங்க வர்றப்பல்லாம் வண்டி, மோட்டார், டிக்கெட்னு ஏதாவது ஒண்ணு கேட்டுச் சிரிக்க வைக்கிறீங்க. நானும் சிரிச்சு அனுப்பிர்றேன். அது எனக்கும் வசதியா இருக்கு. உங்களுக்கு என்னதான் தெரியணும்?”

வாய்க்கு வந்த ஜோக் ஒன்று தொண்டை வரை வந்தது. நல்ல ஜோக்தான். விழுங்கிவிட்டேன். என் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“இன்னிக்குப் பொழுதுக்குள்ள கவாத்துக்கு ஆமான்னோ இல்லன்னோ சொல்லணும். வெட்டுனா நாலு மாசம் ஆகும். வெட்டலன்னா பந்தலப் பிரிச்சிருவாக. அந்தப் பழத்த நான் பாப்பேனா?”

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் நகர்த்தினார். 

“இன்னிக்கு நீங்க இழுத்தது மருந்தாவே இருந்தாலும் அதோட வேலை கொஞ்ச நேரம்தான். இது ஆராய்ச்சி, வீட்டுக்குக் குடுத்து விட முடியாது. கட்டவிழ்த்த பிறகு, உங்க குழாய் நெகிழ்ந்து குடுக்குதான்னு தெரிஞ்சா, அடுத்து என்ன பண்ணலாம்னு எனக்கு ஒரு வழி கிடைக்கும். உங்க ஹார்ட் ரொம்ப வீக். அது இந்த ஒரு நடையில மாறல. நாலு மாசம் தாண்டுவீங்களான்னா, தாண்டுவீங்கன்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன். நடுவுல அட்மிட் ஆக வேண்டி வரலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்.” அவர் ராமுத்தாயைப் பார்த்தார். “பாதியில உங்களால முடியாமப் போனா அந்தத் தோட்டம் யார் தலையில விழும்? இந்தக் கேள்வியை அவங்ககிட்டத்தான் நீங்க கேக்கணும்.”

நான் ராமுத்தாய் பக்கம் திரும்பினேன். அவள் மடியில் இருந்த மாத்திரைப் பையின் வாரைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சிரிக்காமல் எதையாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் உயரத்தைத்தான் கிண்டல் செய்தேன்.

“ராமு,” என்றேன். “நான் நடுவுல இல்லாமப் போயிட்டா, ஒத்தையில நின்னு அந்தப் பழத்த நீ வெட்டுவியா? முடியாதுன்னா இப்பவே சொல்லு. தென்னைய வச்சுருவோம். நான் வருத்தப்பட மாட்டேன்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வெட்டுவேன்,” என்றாள். “நீங்க இருந்தாலும் நாந்தான் வெட்டப் போறேன், அங்கன குனிஞ்சு நின்னா ஒங்களுக்கு மூச்சு வாங்கும். இல்லாமப் போனாலும் நாந்தான் வெட்டப் போறேன். அழுதுக்கிட்டே வெட்டுவேன், ஆனா ஒரு குலை விடாம வெட்டுவேன். ராக்கப்பனுக்கு போனப் போடுங்க.”